இரு கரையிலும் ரயில் வந்துவிட்டது, கப்பல் எப்போது?

ராமேசுவரம் - தலைமன்னார் தீவுப் பயணம்: நின்றுபோன ஒரு கப்பலின் கதை

திருப்பதி:

திருப்பதி ரயில் நிலையத்தில் ராமேசுவரம் விரைவு ரயில் புறப்படும் நாளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஏழுமலையானைச் சேவித்துவிட்டு ராமநாதசுவாமியைத் தரிசிக்கப் போகிறவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள், லட்டு மணக்கும் பைகள், தலைக்கு மேல் மூட்டைகள் என்று பிளாட்பாரமே நிறைந்திருக்கும். பாகாலா, சித்தூர், காட்பாடி என்று வழி நெடுக நம்மவர்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் அண்மையில் ஒரு நாள் 67 வயது முதியவர் ஒருவர் தம் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். எதிரில் இருந்த அம்மாள், "நீங்களும் ராமேசுவரத்துக்கு நேர்த்திக்கடனா?" என்று விசாரித்தார். "சாமியையும் பார்க்கணும். ஆனால் நான் போறது கடலைப் பார்க்கத்தாங்க" என்றார் பெரியவர். அவருடைய மஞ்சள் பையில் காலாவதியாகிப் பல ஆண்டுகளான பாஸ்போர்ட் ஒன்றும், ஓரம் நைந்த குடும்ப அட்டை ஒன்றும் இருந்தன. இரண்டும் இலங்கை கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் கொடுக்கப்பட்டவை.

திருப்பதி காய்கறி மண்டியில் நெடுங்காலம் கணக்கு எழுதியவர் அவர். மண்டியில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. "சிலோன்காரர்" என்றால்தான் தெரியும். 1978-ல் 19 வயதில் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்து இறங்கியவர். அவருடைய அக்காள் அங்கேயே தங்கிவிட்டார். உடன்பிறந்தவர்கள் இருவரும் அதன் பிறகு ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவில்லை.

இருவருக்கும் நடுவே உள்ள கடல் பெரிய கடல் அல்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 22 மைல்தான். திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போகும் தூரத்தைவிட அது குறைவு.

தீவிலிருந்து தீவுக்கு

இலங்கைக்குக் கப்பல் என்றால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். பூகோளப் படத்தைப் பார்த்தால், அது ஒரு சிறு தீவிலிருந்து இன்னொரு சிறு தீவுக்குப் போகும் பயணம் என்பது விளங்கும். இந்தப் பக்கம் ராமேசுவரம் என்னும் பாம்பன் தீவு. அந்தப் பக்கம் மன்னார்த் தீவு. இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நீட்டிய இரு விரல்களைப் போலக் கிடக்கின்றன. நடுவில் ராமர் பாலம் எனப்படும் மணல் திட்டுகளின் வரிசை. அங்கே ஆழம் மிகக் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் அதைக் கடந்து செல்வதில்லை.

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்குப் பருவக்காற்றில் ஒரு பக்கம் கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் மறு பக்கம் கொந்தளிக்கும். இந்தக் கடலில் கப்பல் விட்டவர்கள் எல்லோருமே காற்றைக் கேட்டுத்தான் கால அட்டவணை போட்டார்கள்.

போட் மெயில் பிறந்த கதை

1914-க்கு முன்னர் சென்னையிலிருந்து கொழும்பு செல்ல வேண்டுமானால் தூத்துக்குடி வரை ரயிலிலும், பிறகு கடலிலும் போக வேண்டும். 1914 பிப்ரவரி 24-ந் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறியது. இரண்டு கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான நீளம், 145 கண்கள், நடுவே கப்பலுக்கு வழிவிட இரு கைகளைத் தூக்குவதுபோல் திறக்கும் இரும்புப் பகுதி என்று அந்நாளில் அது ஓர் அதிசயமாக இருந்தது.

சென்னை எழும்பூரில் ஏறுகிறவர் கையில் கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் இருக்கும். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கித் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டியது. தலைமன்னாரில் இறங்கினால் அங்கே இலங்கை ரயில் காத்து நிற்கும். கப்பலோடு சேர்ந்த மெயில் என்பதால் "போட் மெயில்" என்று பெயர் வந்தது. கப்பலையும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியே நடத்திற்று. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று முதல் கப்பல்களுக்கும், இர்வின், கோஷென் என்று பின்னர் வந்தவற்றுக்கும் வைசிராய், கவர்னர் பெயர்களைச் சூட்டினார்கள்.

நம் பகுதிக்கும் இந்த வழியோடு தொடர்பு உண்டு. விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி வழியாகக் கூடூர் வரை சென்ற பாதையும் மீட்டர் கேஜ் பாதைதான். சித்தூரில் ஏறியவர் விழுப்புரத்தில் போட் மெயிலைப் பிடித்தால் மறுநாள் கடற்கரையில் நிற்கலாம். 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் அமையும் வரை சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இந்த வழியில் துரைமார்களும் வியாபாரிகளும் மட்டும் போகவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டிச் சென்ற ஏழைக் கூலிகள்தான் அதிகம். அவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, காலரா, பிளேக் நோய் இல்லை என்று சோதித்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். பெரியவரின் பாட்டனாரும் குடியாத்தம் பக்கமிருந்து அப்படிப் போனவர்தான்.

ஒப்பந்தமும் புயலும்

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ந் தேதி பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. அந்த மீதிப் பேரை 1974-ல் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டுக்கொண்டன.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற 653-ம் எண் பாசஞ்சர் ரயில், ஊரை எட்டும் முன்பே பேரலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. துறைமுகம், ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ் எல்லாம் போயின. பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சீர்செய்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

கப்பல் துறை ராமேசுவரத்துக்கு மாறியது. 22 மைலாக இருந்த கடல் வழி சுமார் 50 கிலோமீட்டர் ஆயிற்று. பின்னாளில் இந்த வழியில் ஓடிய கப்பலின் பெயர் "ராமானுஜம்". அந்தக் கப்பல் வாரத்தில் சில நாள் போய்வரும், மழைக்காலத்தில் நின்றுவிடும். பயணம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அதற்கு முன்னும் பின்னும் சுங்கச் சோதனைக்குத்தான் பொழுது போகும் என்று பயணம் செய்தவர்கள் சொல்வதுண்டு.

அழுகைக் கோச்சி

தோட்டத்துத் தமிழில் ரயிலுக்குக் "கோச்சி" என்று பெயர். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை "அழுகைக் கோச்சி" என்றார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும், இன்னொருவருக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு.

பெரியவர் வீட்டிலும் அதுதான் நடந்தது. தந்தை இந்தியாவுக்கு மனுப் போட்டார். அக்காளுக்கு அதற்கு முன்பே கலியாணமாகிவிட்டது. அவர் கணவர் வீட்டார் இலங்கைக்கு மனுப் போட்டிருந்தார்கள். "ஹட்டன் ஸ்டேஷனுக்கு அக்கா வழியனுப்ப வந்துச்சு. கையில் ஒரு ராத்தல் தேயிலைத் தூளு. 'இந்தியாவுல நல்ல தூளு கிடைக்குமோ என்னமோ, வைச்சுக்கடா தம்பி'ன்னு கொடுத்துச்சு. கோச்சி நகர்ந்ததும் அது ஓடி வந்தது கண்ணுக்குள்ளேயே இருக்கு" என்கிறார் அவர்.

கப்பலில் எல்லோரும் மேல்தளத்தில் நின்று இலங்கைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கரை மறைந்த பிறகுதான் திரும்பி இந்தப் பக்கம் பார்த்தார்கள். அப்போது ராமேசுவரம் கோயில் கோபுரம் தெரிந்தது. தந்தை கைகூப்பினார், தாய் கும்பிடவில்லை. "கீழே விட்டுட்டு வந்த மகளைத் திருப்பிக் கொடுத்தா கும்பிடறேன்னு சொல்லிச்சு எங்கம்மா."

பாட்டனார் போகும்போது தங்கிய அதே மண்டபம் முகாமில்தான் பேரனும் வந்து தங்கினார். பிறகு குடியாத்தம். வியாபாரக் கடனில் போட்ட பெட்டிக்கடை ஒரு வருடத்தில் முடிந்தது. திருப்பதியில் ஓட்டல் வேலை, அதன் பின் காய்கறி மண்டி. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையைக் கண்டால் ஒதுங்கி நிற்க வேண்டிய வீட்டுப் பையன், இங்கே தாமே கணக்குப்பிள்ளை ஆனார். மகன் இன்று சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் எழுத்தர். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு என்று மூன்றாம் தலைமுறையும் வளர்ந்துவிட்டது.

1984-ல் நின்றது

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக மூண்ட கொடுமைகள் உலகம் அறிந்தவை. 1984-ல் ராமேசுவரம் - தலைமன்னார் கப்பல் போக்குவரத்து நின்றது. இந்தியப் பிரஜைகள் என்று எழுதப்பட்டும் கப்பல் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பல்லாயிரம் பேர். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்க 2003-ல் இலங்கை ஒரு சட்டம் இயற்றிய பிறகுதான் அவர்களுடைய பிரச்னைக்கு வழி பிறந்தது.

கப்பல் ஓடாத கடலில் அகதிகளின் படகுகள் வந்தன. மண்டபம் முகாம் மூன்றாவது முறையாக நிரம்பியது. கூலியாகப் போனவர்கள், பிரஜையாகத் திரும்பியவர்கள், அகதியாக வந்தவர்கள் என்று மூன்று தலைமுறைத் தமிழர்களைப் பார்த்த இடம் அது.

அக்காளின் கடிதங்களும் 1983-க்குப் பின் நின்றுபோயின. உயிரோடு இருக்கிறாரா என்றே பல ஆண்டுகள் தெரியவில்லை. போர் முடிந்த பிறகு, உறவினர் ஒருவர் மூலம் அக்காள் பேத்தியின் தொலைபேசி எண் கிடைத்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். "முகம் தெரியுது. ஆனா கையைப் பிடிக்க முடியலையே" என்பது பெரியவரின் குறை.

காரும் ஏறும் கப்பல்

தீவுகளுக்கு இடையே போகிறவர்களுக்கு ஆள் மட்டும் ஏறும் படகு போதாது. நோயாளியின் வண்டி, காய்கறி லாரி, கலியாண வீட்டுக் கார் எல்லாம் போக வேண்டும். இதற்காகவே தட்டையான இரும்புத் தளமும், கரையில் நாக்கை நீட்டுவதுபோல் இறங்கும் பலகையும் கொண்ட கப்பல்கள் உலகெங்கும் ஓடுகின்றன. கார் உருண்டு ஏறி, உருண்டே இறங்கிவிடும். கனமான லாரியை நடுவிலும் கார்களைப் பக்கத்திலும் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டால் போதும். எடையைச் சமமாகப் பரப்புவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஆந்திரத்தில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல. கோதாவரிக் கழிமுகத்தில் நரசாபுரத்துக்கும் சகிநேட்டிப்பள்ளிக்கும் இடையே வண்டிகளை ஏற்றிச் செல்லும் "பண்ட்டு"வைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். கொச்சியில் இதற்கு "ஜங்கார்" என்று பெயர். அங்கே வைப்பின் தீவுக்கும் கொச்சிக் கோட்டைக்கும் இடையே 2018 முதல் புதிய வாகனக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. அந்தமானில் தெற்கு அந்தமானுக்கும் பாராடாங் தீவுக்கும் நடுவே லாரியும் பஸ்ஸும் நீண்ட காலமாகக் கப்பலேறித்தான் நீரிணையைக் கடந்து வந்திருக்கின்றன.

யாழ்ப்பாணத்தார் இதை அழகாகப் "பாதை" என்கிறார்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் பாதை ஓடும். தரையில் நாம் நடந்து போவது பாதை. அவர்களுக்கோ பாதையே நகர்ந்து வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது. கேரதீவு - சங்குப்பிட்டி, கிண்ணியா, மண்முனை ஆகிய இடங்களிலும் முன்பு பாதைதான் இருந்தது. கிண்ணியாவில் 2009-லும், சங்குப்பிட்டியில் 2011-லும், மண்முனையில் 2014-லும் பாலங்கள் வந்துவிட்டன.

பாதுகாப்பில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. 2021 நவம்பர் 23-ந் தேதி கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் தற்காலிகமாக விடப்பட்ட மிதவைப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் உள்பட பலர் மாண்டார்கள். சில நிமிடப் பயணமானாலும் தண்ணீர் தண்ணீர்தான்.

ராமேசுவரத்துக்கே நெடுங்காலம் கார் போக வழியில்லாமல் இருந்தது இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. பஸ்ஸும் காரும் மண்டபத்தோடு சரி. வண்டியையும் தீவுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ரயில் வாகனில் ஏற்றிக் கட்டித்தான் பாம்பனைக் கடக்க வேண்டும். 1974-ல் தொடங்கிய சாலைப் பாலம் 14 ஆண்டுகள் கட்டப்பட்டு, 1988 அக்டோபர் 2-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தியால் திறக்கப்பட்டது. சாலை வந்தபோது, கடல் கடக்கக் கப்பல் இல்லை. கப்பல் இருந்தபோது, சாலை இல்லை.

மீண்டும் மீண்டும் முயற்சி

போர் முடிந்த பின், 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு "ஸ்கோஷியா பிரின்ஸ்" என்ற பெரிய கப்பல் புறப்பட்டது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய, கார்களையும் ஏற்றக்கூடிய கப்பல் அது. பயணிகள் போதவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நின்றது.

2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு "செரியபாணி" என்ற 150 பேர் செல்லும் கப்பல் விடப்பட்டது. சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழை காரணமாக நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் "சிவகங்கை" என்ற கப்பலோடு அந்தச் சேவை மறுபடி தொடங்கியது. சுமார் 110 கிலோமீட்டர் தூரம். நான்கு மணி நேரப் பயணம். ஆள் போகலாம், கார் போகாது. மழைக்காலம் வந்தால் இதுவும் நின்றுதான் ஓடும்.

யாழ்ப்பாணத்து உறவினர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. மலைநாட்டுக்குப் போக வேண்டியவர்களின் கணக்கு வேறு. காங்கேசன்துறையில் இறங்கினால், இலங்கையின் வடகோடியிலிருந்து ஏறக்குறைய நாடு முழுவதையும் கடந்து ஹட்டன் போக வேண்டும். பழைய தலைமன்னார் வழியே அவர்களுக்குப் பக்கம். அவர்கள் வந்த வழியும் அதுதான்.

தண்டவாளம் காத்திருக்கிறது

இப்போது இரண்டு கரைகளையும் பார்ப்போம்.

அந்தக் கரையில், போரில் அழிந்துபோன தலைமன்னார் ரயில் பாதையை இந்திய ரயில்வேயைச் சார்ந்த இர்கான் நிறுவனம் புதிதாகப் போட்டுக் கொடுத்தது. 2015 மார்ச் 14-ந் தேதி பிரதமர் நரேந்திர மோடி தலைமன்னாருக்கே சென்று ரயிலைக் கொடியசைத்து அனுப்பினார். ரயில் கடற்கரைத் துறை வரை போகிறது.

இந்தக் கரையில், நூறாண்டு தாண்டிய பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அதன் பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதியான 72.5 மீட்டர் நீளத் தளம், லிப்ட் போல அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். ரயில்கள் மீண்டும் ராமேசுவரம் வரை வருகின்றன. திருப்பதி ரயிலும் அவற்றில் ஒன்று.

ஆக, 1914-ல் இருந்ததுபோலவே இரு பக்கமும் தண்டவாளம் தயார். நடுவில் வேண்டியது ஒரு கப்பலும், அது வந்து அணைய இரண்டு நல்ல துறைகளுமே. இரு அரசுகளும் இதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கின்றன. ஆழம் குறைந்த கடல், ஆண்டில் பல வாரம் நிறுத்த வேண்டிய பருவக்காற்று, எல்லைச் சோதனைக்கான கட்டிடங்கள், கப்பல் நடத்துகிறவருக்குக் கட்டுப்படியாகும் கட்டணம் எல்லாம் உண்மையான தடைகளே. ஆனால் இவற்றில் ஒன்றேனும் 1914-ல் இல்லாதது அல்ல. அன்று ரயில்வேயே கப்பலையும் நடத்தியதால், டிக்கெட் ஒன்றாக இருந்தது; ரயில் தாமதமானால் கப்பல் காத்திருந்தது. இனி வரும் கப்பலுக்கும் அந்த இணைப்பே உயிராக இருக்கும். வெறும் உல்லாசப் பயணிகளை நம்பி விடப்பட்ட கப்பல் நிலைக்காது என்பதைத் தூத்துக்குடி அனுபவம் காட்டிவிட்டது.

ஆனால் காத்திருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டு போகிறது. 1970-களில் கப்பலில் வந்த இளைஞர்கள் இன்று தாத்தாக்கள். அன்று முதியவர்களாய் வந்தவர்கள் இன்று இல்லை. அக்கரையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை இதுதான்.

"வானத்தில் வந்தாலும் வா"

பெரியவர் கப்பலுக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தார். "வந்த வழியே போகணும்னு ஒரு பிடிவாதம்" என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சென்ற ஆண்டு மகன்தான் வற்புறுத்தினார். "அப்பா, அத்தைக்கு எழுபத்தஞ்சு நெருங்குதுங்க. கப்பல் வரட்டும், வரட்டும்னு இருந்தா எப்படி?" என்று கேட்டு, புதிய பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட வைத்தார்.

பிறந்த இடம் இலங்கை என்று எழுதியதும் ஓர் அலுவலகத்தில் மனு நின்றது. "இந்தியர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு எதுவும் எடுபடவில்லை. கடைசியில் கைகொடுத்தவை தகரப் பெட்டியின் அடியில் தாயார் சேலையில் சுற்றி வைத்திருந்த பழைய பாஸ்போர்ட்டும் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையும்தான். தாயகம் திரும்பிய குடும்பத்தவர்கள் இந்த இரண்டு தாள்களையும் எக்காரணம் கொண்டும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. பிள்ளைகளிடமும் சொல்லி வைப்பது நல்லது.

பாஸ்போர்ட் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அக்காளிடம் செய்தியைச் சொன்னார். கப்பல் விட்டதும் வருகிறேன் என்றாராம். அக்காள் சிரித்துவிட்டு, "நீ கப்பல்ல போனதை நான் பார்க்கவே இல்லை. கோச்சியில போனதைத்தான் பார்த்தேன். கப்பலுக்குக் காத்திருக்காதேடா தம்பி. வானத்தில் வந்தாலும் வா" என்றாராம்.

தை மாதத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்கு விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புறப்படுவதற்கு முன் ஒரு தடவை அந்தக் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் பேரனோடு ராமேசுவரம் ரயில் ஏறினார்.

பாம்பன் பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும்போது பேரன் பழைய பாலத்தைக் காட்டி, "தாத்தா, நீங்க வந்தது அதிலேயா?" என்று கேட்டான். ஆமாம் என்றார். கோயிலில் தீர்த்தமாடிவிட்டு, இருவரும் ஜீப் பிடித்து தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை சென்றார்கள். 1964-ல் அழிந்த பாதைக்குப் பதிலாக 2017-ல் திறக்கப்பட்ட சாலை அங்கேதான் முடிகிறது. அதற்கு அப்பால் மணல், பிறகு கடல். அன்று புழுதி மூட்டம், எதிர்க்கரை தெரியவில்லை. தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று பெரியவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

திரும்பி வரும் வழியில் பேரன், அத்தைப் பாட்டிக்கு என்ன கொண்டு போவீர்கள் என்று விசாரித்தான். அக்காள் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று. திருப்பதி லட்டு. பதினைந்து நாள் கெடாமல் இருக்கும். கொழும்பு வழியாக ஹட்டன் போய்ச் சேர இரண்டு நாள் போதும்.

"நான் அங்கிருந்து ஒரு ராத்தல் தேயிலை வாங்கிட்டு வருவேன்" என்றார் பெரியவர். "அந்தத் தடவை கொடுத்தது கப்பல்ல சுங்கச் சோதனையிலேயே சிந்திப்போச்சு."